மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்க… – வாசகர் கேள்வி பதில்

கேமிங் மவுஸ், அதற்கான மென்பொருள் பற்றிச் சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். வந்தவற்றில் பாதிக்கு மேல் லாஜிடெக்கின் ஜி102, ஜி304, ஜி502 பற்றியே என்பதால், விளக்கமும் அவற்றுக்கான ஜி ஹப் மென்பொருளை ஒட்டியே இருக்கிறது. ரேசர்காரர்கள் சினாப்ஸிலும் கோர்செயர்காரர்கள் ஐக்யூவிலும் இதே வசதிகளைக் கொஞ்சம் வேறு பெயர்களில் காணலாம்.

ஜி102 வாங்கினேன். செருகியதுமே வேலை செய்கிறது. பிறகு எதற்கு ஜி ஹப்?
– கல்லூரி மாணவர், ஈரோடு

சும்மா கிளிக் செய்வதற்கு அது வேண்டியதில்லை. பட்டனின் வேலையை மாற்றவும், டிபிஐ நிலைகளை (கர்சரின் வேக அளவுகள்) உங்கள் இஷ்டத்துக்கு வைக்கவும், விளக்கின் நிறத்தை மாற்றவும்தான் அது வேண்டும்.

நிறுவியதும் மவுஸ் படத்தைச் சொடுக்குங்கள். 'சென்சிடிவிட்டி' பகுதியில் ஒரு கோட்டின் மேல் சில புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு டிபிஐ நிலை. சக்கரத்துக்குக் கீழே உள்ள சின்ன பட்டனை அழுத்தினால் இந்த நிலைகளுக்குள்தான் வேகம் மாறிமாறி ஓடும். முதல் வேலையாக, 800 என்ற ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே இழுத்துவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே விரல் தவறி அந்தப் பட்டனில் பட்டு வேகம் மாறிப்போவதுதான் புதிதாக வாங்கியவர்களின் முதல் தலைவலி. ஒரே நிலை இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. 'அசைன்மென்ட்ஸ்' பகுதிக்குப் போய் அந்தப் பட்டனுக்கு வேறு வேலையும் கொடுத்துவிடலாம்.

'ரிப்போர்ட் ரேட்' 1,000 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். அதாவது 1 மில்லி நொடிக்கு ஒருமுறை மவுஸ் தன் நிலையைச் சொல்லும். 125 ஹெர்ட்ஸில் 8 மில்லி நொடிக்கு ஒருமுறை. கணினி மிகப் பழையது, மவுஸை வேகமாக ஆட்டினால் ஆட்டம் திணறுகிறது என்றால் மட்டும் 500-க்கு இறக்கிப் பாருங்கள். கையில் வித்தியாசம் தெரிவது அபூர்வம்.

டெஸ்க்டாப்பில் 800 வைக்கிறேன். கேம் திறந்ததும் வேறு வேகத்துக்குத் தாவிவிடுகிறது. மவுஸ் பழுதா?
– வாசகர், திருச்சி

பழுதில்லை. ஜி ஹப் உங்கள் கணினியில் உள்ள கேம்களைத் தானே தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ப்ரொஃபைல் (அமைப்புகளின் தொகுப்பு) போட்டுவிடும். கேமின் சாளரம் முன்னுக்கு வந்தவுடன் அதன் ப்ரொஃபைலுக்குத் தாவும். நீங்கள் 800 வைத்தது 'டெஸ்க்டாப்' ப்ரொஃபைலில். கேமின் ப்ரொஃபைலோ தொழிற்சாலை அமைப்பிலேயே கிடக்கிறது.

இரண்டு வழி உண்டு. மேலே ப்ரொஃபைல் பெயரைச் சொடுக்கி, அந்தக் கேமைத் தேர்ந்து அதிலும் 800 வைக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்புப் போதும் என்றால், டெஸ்க்டாப் ப்ரொஃபைலை 'பெர்சிஸ்டன்ட்' ஆக்கிவிடுங்கள். பிறகு எதைத் திறந்தாலும் அதுவே நிற்கும். ஒரே ஒரு கேம் விளையாடுபவருக்கு இரண்டாவது வழிதான் நிம்மதி.

ஜி102-ல் 8,000 டிபிஐ வரை போகலாமாம். உச்சத்தில் வைத்தால் குறி நன்றாக விழுமா?
– பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்

விழாது, கர்சரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதே டிபிஐ. 1,920 பிக்சல் அகலமுள்ள திரையில், 8,000 டிபிஐ வைத்து 6 மில்லிமீட்டர் கை அசைத்தாலே கர்சர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். 800-ல் அதே தூரத்துக்கு 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் விற்பனைக்கானது. போட்டிகளில் ஆடுபவர்கள் பெரும்பாலும் 400, 800, 1,600 இவற்றில் ஒன்றில்தான் நிற்கிறார்கள்.

நீங்கள் உண்மையில் சரிசெய்ய வேண்டியது வேகம் பெருகும் மூன்று இடங்களை: மவுஸ், விண்டோஸ், கேம். நடுவில் இருப்பதை முதலில் ஒதுக்குங்கள். விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்', 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', 'மவுஸ்' என்று போய் 'அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்' திறங்கள். 'பாயின்ட்டர் ஆப்ஷன்ஸ்' தாளில் வேகக் கோட்டை 11 படிகளில் சரியாக நடுவில், ஆறாவது படியில் வைத்து, 'என்ஹான்ஸ் பாயின்ட்டர் ப்ரிசிஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள். பெயரில்தான் துல்லியம். அது செய்வது முடுக்கம்: மெதுவாக நகர்த்தினால் குறைவாகவும் வேகமாக நகர்த்தினால் கூடுதலாகவும் கர்சரைத் தள்ளும். ஒரே தூரம் கை போனாலும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் இடத்தில் நின்றால் கைக்கு எப்படிப் பழக்கம் வரும்? கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற துப்பாக்கிச் சண்டைக் கேம்கள் விண்டோஸைத் தாண்டி மவுஸிடமிருந்து நேரடியாக எண்ணிக்கையை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் எல்லாக் கேம்களும் அப்படியல்ல.

அடுத்து கேம். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-ல் சென்சிடிவிட்டி (கேமுக்குள் வைக்கும் வேக எண்) 1 என்றால், மவுஸின் ஓர் எண்ணிக்கைக்குப் பார்வை 0.022 டிகிரி திரும்பும். முழுச் சுற்று 360 டிகிரிக்கு ஏறக்குறைய 16,364 எண்ணிக்கை. 800 டிபிஐயில் அது 20.45 அங்குலம், அதாவது 52 சென்டிமீட்டர். சென்சிடிவிட்டியை 2 ஆக்கினால் 26 சென்டிமீட்டர். வேலரன்ட் என்ற கேமில் ஓர் எண்ணிக்கைக்கு 0.07 டிகிரி. ஆகவே கவுன்ட்டர் ஸ்ட்ரைக் எண்ணை 3.18-ஆல் வகுத்தால் வேலரன்ட்டுக்கான எண் வந்துவிடும். 1 என்பது 0.314. டிபிஐயை 800-லிருந்து 1,600 ஆக்கினால் கேமுக்குள் உள்ள எண்ணைப் பாதியாக்குங்கள், வேகம் மாறாது.

எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மவுஸ் பேடே சொல்லும். பேடின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு இழுத்தால் குறைந்தது 180 டிகிரியாவது திரும்ப வேண்டும். 52 சென்டிமீட்டர் சுற்று வைத்தால் அதற்கு 26 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். கல்லூரி விழாவில் இலவசமாகக் கொடுத்த 20 சென்டிமீட்டர் பேடில் அது நடக்காது. ஒன்று பேடைப் பெரிதாக்குங்கள், அல்லது சென்சிடிவிட்டியைக் கூட்டுங்கள். ஓர் எண்ணில் அமர்ந்த பிறகு, ஒருநாள் தோற்றதற்காக மறுநாள் மாற்றாதீர்கள்.

நான் கேம் ஆடுவதில்லை, டிடிபி வேலை. பக்கவாட்டுப் பட்டன்களில் காப்பி, பேஸ்ட் வைக்கலாமா?
– வாசகி, சிவகாசி

தாராளமாக. 'அசைன்மென்ட்ஸ்' பகுதியில் 'கமாண்ட்ஸ்' பட்டியலில் காப்பி, பேஸ்ட் இரண்டும் தயாராக இருக்கின்றன. பிடித்து இழுத்து அந்தந்தப் பட்டன் மேல் விட வேண்டியதுதான். பேஜ்மேக்கரில் ஒரு மாதிரி, ஃபோட்டோஷாப்பில் ஒரு மாதிரி வேண்டுமென்றால், அந்தச் செயலிகளைக் கேம்களின் பட்டியலிலேயே சேர்த்துத் தனித்தனி ப்ரொஃபைல் போடுங்கள். கேமுக்கு என்று வைத்த வசதி, ஆனால் நாள் முழுக்கப் பக்கம் அமைப்பவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

பட்டன் போதவில்லையா? ஒரு பட்டனை 'ஜி-ஷிஃப்ட்' ஆக்குங்கள். அதை அழுத்திப் பிடித்திருக்கும்போது மற்ற பட்டன்களுக்கு இரண்டாவது வேலை கிடைக்கும்: காப்பி இருந்த இடத்தில் அன்டூ, பேஸ்ட் இருந்த இடத்தில் சேவ்.

ஜி502-ல் எல்லாம் பார்த்துப் பார்த்து அமைத்தேன். நண்பர் கணினியில் செருகினால் ஒன்றும் இல்லை. ஏன்?
– வாசகர், சேலம்

நீங்கள் அமைத்தது உங்கள் கணினியில் இருக்கிறது, மவுஸில் இல்லை. ஜி502 ஹீரோவுக்குள் 5 ப்ரொஃபைல்களுக்கு இடம் உண்டு. மவுஸ் பக்கத்தின் மேலே பற்சக்கரக் குறியைச் சொடுக்கி 'ஆன்போர்டு மெமரி மோடு' இயக்குங்கள். இடங்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தேர்ந்து, அதில் உங்கள் ப்ரொஃபைலை வையுங்கள். எழுதி முடியும்வரை வயரைப் பிடுங்காதீர்கள்.

டிபிஐ நிலைகள், ரிப்போர்ட் ரேட், பட்டன் மாற்றங்கள் இவை மவுஸோடு வரும். கேமுக்கேற்ப ப்ரொஃபைல் மாறுவது, செயலியைத் திறப்பது, லுவா ஸ்கிரிப்ட் (லுவா மொழியில் எழுதும் சிறு நிரல்) இவை வராது. அவற்றைச் செய்வது ஜி ஹப், மவுஸ் அல்ல. நண்பர் கணினியிலும் ஜி ஹப் ஓடிக்கொண்டிருந்தால், அது தன் ப்ரொஃபைலை உங்கள் மவுஸ் மேல் ஏற்றிவிடும். அங்கும் இதே மோடை இயக்கினால் சரி.

மேக்ரோ (ஒரே பட்டனில் பல கீ அழுத்தல்கள்) பதிந்தால் கேமில் சில கீகள் விடுபடுகின்றன. இன்னொன்று, மேக்ரோ வைத்தால் தடை செய்வார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

விடுபடக் காரணம், அழுத்தலுக்கும் விடுதலுக்கும் இடையே நேரம் போதாதது. நொடிக்கு 60 ஃப்ரேம் (திரைப் படம்) ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி நொடி. கீயை அழுத்தி 5 மில்லி நொடியில் விட்டுவிட்டால், சில கேம்கள் அதைப் பார்க்காமலே அடுத்த ஃப்ரேமுக்குப் போய்விடும். மேக்ரோவில் 'ஸ்டாண்டர்டு டிலே' 50 மில்லி நொடி இருந்தால் இந்தச் சிக்கல் வராது. 30-க்குக் கீழே இறக்காதீர்கள். மேக்ரோ வகையையும் பாருங்கள்: ஒருமுறை ஓட 'நோ ரிப்பீட்', அழுத்திப் பிடிக்கும்வரை ஓட 'ரிப்பீட் வைல் ஹோல்டிங்', ஒரு அழுத்தில் தொடங்கி மறு அழுத்தில் நிற்க 'டாகிள்'. டாகிளை வைத்துவிட்டு மறந்தால், சாட் பெட்டியில் எழுத்துகள் கொட்டிக்கொண்டே இருக்கும்.

தடை விஷயத்தில் தயவு தாட்சண்யம் இல்லை. தனியாக ஆடும் கேமில் உங்கள் பாடு. இணையத்தில் பிறரோடு மோதும் கேம்களில், துப்பாக்கியின் உதறலைத் தானே கீழிழுத்துச் சமன் செய்யும் மேக்ரோ ஏமாற்று வேலைதான். 2024 ஆகஸ்ட்டில், கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கை உருவாக்கிய வால்வ் நிறுவனம், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2-ல் ஒரே அழுத்தலில் பல செயல்களைத் தானாக நடத்துபவர்களைத் தன் சர்வர்களில் ஆட்டத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. ஒரு பட்டனுக்கு ஒரு கீ என்று மாற்றிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜி304 வயர்லெஸ். ரிசீவரை சிபியு பின்புறம் செருகினால் கர்சர் விட்டுவிட்டு நகர்கிறது. மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது.
– வாசகர், கோவை

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவே இரும்புப் பெட்டி. போதாக்குறைக்கு, பின்புறம் உள்ள யுஎஸ்பி 3.0 துளைகளில், பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பவை, ஹார்ட் டிஸ்க் ஏதாவது வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும். இன்டெல் 2012-லேயே இதை அறிக்கையாக வெளியிட்டது. மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான்.

மவுஸ் பெட்டிக்குள் ஒரு நீட்டிப்பு வயர் வந்திருக்கும், தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதை யுஎஸ்பி 2.0 துளையில் செருகி, மறுமுனையில் ரிசீவரை மாட்டி, மவுஸ் பேடின் ஓரமாக 20 சென்டிமீட்டர் தூரத்துக்குள் வையுங்கள். பக்கத்தில் வைஃபை ரூட்டர் இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

பேட்டரி என்றதும் ஒன்று: இதில் ஒரே ஒரு ஏஏ செல். சாதாரண ஆல்கலைன் 23 கிராம் வரும், லித்தியம் செல் 15 கிராம்தான். 8 கிராம் குறைந்தாலே பின்பக்கக் கனம் போய்விடும். ஜி ஹப்பில் 'எண்டியூரன்ஸ்' மோடு போட்டால் செல் பல மாதம் வரும், ஆனால் ரிப்போர்ட் ரேட் 125 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அலுவலக வேலைக்கு அது போதும்.

ஒரு கிளிக் செய்தால் இரண்டு கிளிக் விழுகிறது. மென்பொருளில் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், மதுரை

முதலில் யாராவது அந்தப் பட்டனுக்கு 'டபுள் கிளிக்' என்று மாற்றி வைத்திருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் கோளாறு உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்சில். பட்டனை அழுத்தும்போது உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு போய் முனையைத் தொடுகிறது. தொட்டதும் அது ஒரு கணம் துள்ளும். புதிதாக இருக்கும்போது அந்தத் துள்ளலை மவுஸ் கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்குச் சில மில்லி நொடி காத்திருக்கும். நாளடைவில் தகட்டின் விசை தளர்ந்து, முனையில் ஆக்சைடு படிந்தால், துள்ளல் அந்த நேரத்தையும் மீறி நீள்கிறது. மவுஸுக்கு அது இன்னொரு கிளிக். கடலோர ஊர்களின் ஈரக் காற்று இதை விரைவுபடுத்தும்.

குளோரியஸ் போன்ற சில நிறுவனங்களின் மென்பொருளில் 'டிபவுன்ஸ் டைம்' என்று அந்தக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டலாம். ஜி102, ஜி304 பயனர்களுக்கு ஜி ஹப்பில் அது கிடையாது. கூட்டினாலும் அது தற்காலிக ஒட்டு. தகடு மேலும் தளரும்.

வாரன்டி இருந்தால் பில்லோடு போய் மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். அதற்கு முன் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், திறந்தால் வாரன்டி போச்சு. வாரன்டி முடிந்திருந்தால் ஸ்விட்சை மாற்றலாம். மூன்று கால் கொண்ட ஆம்ரான், கைல், ஹுவானோ ஸ்விட்ச்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காரும். திருகாணிகள் அடிப்புறத்தில் வழுக்கும் ஒட்டுகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். உரித்தால் அவை மடங்கிப்போகும் என்பதால் புது ஒட்டும் சேர்த்து வாங்குங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் செப்பு வலை வேண்டும். பழைய ஈயத்தை முழுதாக எடுக்காமல் ஸ்விட்சைப் பிடித்து இழுத்தால் பலகையின் தடம் பெயர்ந்துவிடும். சால்டரிங் பழக்கமில்லை என்றால் செல்போன் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், அவருக்கு இது பத்து நிமிட வேலை. ஒளியால் வேலை செய்யும் ஆப்டிக்கல் ஸ்விட்ச் உள்ள மவுஸ்களில் உலோகத் தொடுகையே இல்லாததால் இந்தத் துள்ளல் வராது.

ஜி ஹப்பை நீக்கி மறுபடி நிறுவும்போது ப்ரொஃபைல்கள் அழியாமல் காப்பது எப்படி?
– வாசகர், புதுச்சேரி

பயனர் கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா', அதற்குள் 'லோக்கல்', அதற்குள் 'எல்ஜிஹப்'. அங்கே 'செட்டிங்ஸ்' என்ற டிபி (.db) கோப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வைத்துவிட்டுத் தேடுங்கள். கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுங்கள். ஆனால் ஜி ஹப் திறக்காமல் லோகோ சுற்றிக்கொண்டே நிற்கிறது என்பதற்காக மறுபடி நிறுவப் போகிறீர்கள் என்றால், பொறுங்கள். டாஸ்க் மேனேஜரில் எல்ஜிஹப் என்று தொடங்கும் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, 'சர்வீசஸ்' பட்டியலில் எல்ஜிஹப் அப்டேட்டர் ஓடுகிறதா பார்த்து, ஓடவில்லை என்றால் தொடங்கி, பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பாருங்கள். பல நேரம் அதோடு தீர்ந்துவிடும்.

இடது கைக்காரன் நான். இடம், வலம் பட்டன்களை எங்கே மாற்றுவது?
– வாசகர், தஞ்சாவூர்

விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸில் 'பிரைமரி மவுஸ் பட்டன்' என்பதை வலது என்று வையுங்கள். சில கேம்கள் இதை மதிக்காது. அப்போது மட்டும் அந்தக் கேமுக்குள்ளேயே மாற்றுங்கள். விண்டோஸிலும் ஜி ஹப்பிலும் சேர்த்து மாற்றினால் ஒன்றை ஒன்று அடித்துப் பழையபடியே ஆகிவிடும்.

உபுண்டு பயன்படுத்துகிறேன். ஜி ஹப் இல்லையே?
– வாசகி, சென்னை

இல்லைதான். மென்பொருள் மையத்தில் 'பைப்பர்' என்று தேடி நிறுவுங்கள். ஜி102, ஜி304, ஜி502 மூன்றையும் அது அடையாளம் காணும். டிபிஐ, பட்டன்கள், விளக்கு எல்லாவற்றையும் நேராக மவுஸின் நினைவகத்திலேயே எழுதிவிடுவதால், பின்னணியில் எதுவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாற்றியதும் மேலே 'அப்ளை' அழுத்துங்கள். அதுவரை மவுஸுக்கு எதுவும் போகாது.