யூட்டாவில் பந்தயப் பைத்தியத்துக்கு இடம் உண்டா?

சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லீஹை என்ற ஊரில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறதாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கொடி பிடிக்கும் மார்ஷலாக நின்று பழகியவர். "யூட்டா முழுக்க மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், ஞாயிறானால் ஊரே அடங்கிவிடும், குடிப்பதற்கு ஆயிரம் கட்டுப்பாடு என்கிறார்கள். இப்படிப்பட்ட ஊருக்கும் உலக அளவு மோட்டார் பந்தயத்துக்கும் ஒத்துப்போகுமா? அங்கே வந்து நான் காய்ந்துபோவேனா?" என்பது அவர் கேள்வி.

ஒத்துப்போகும் தம்பி, தைரியமாக வாருங்கள். சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். வண்டியோ வேகமோ இந்த ஊர்க்காரர்களுக்கு ஆகாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உரசல் வருவது ஒரே இடத்தில்தான்: ஞாயிற்றுக்கிழமை. மார்மன்களுக்கு அது ஓய்வுக்கும் வழிபாட்டுக்குமான நாள். அதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானே பிடிபடும்.

முதலில் ஆப் ஜென்கின்ஸ் என்ற மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள். யூட்டாக்காரர், பக்தியுள்ள மார்மன், சிகரெட்டும் மதுவும் தொடாதவர். பான்வில் உப்புப் படுகையில் முழு வேகத்தில் ஓட்டலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் அவர்தான். அதுவரை வேகச் சாதனை என்றால் ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரைதான். ஜென்கின்ஸின் பேச்சை நம்பி ஜான் காப், ஜார்ஜ் ஐஸ்டன் போன்ற இங்கிலாந்துக்காரர்கள் இங்கே வந்தார்கள். 1935 செப்டம்பரில் மால்கம் காம்பெல் தன் புளூபேர்ட் காரை இதே உப்பின் மேல் ஓட்டி, மணிக்கு 300 மைலைத் தாண்டிய முதல் ஆள் ஆனார். பின்னாளில் நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ தன் பழைய இந்தியன் மோட்டார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்ததும் இங்கேதான்.

ஜென்கின்ஸ் காரின் பெயர் மார்மன் மீட்டியார். மார்மன் சபைக்குச் சொந்தமான டெசரட் நியூஸ் நாளிதழ் நடத்திய பெயர்ப் போட்டியில் பிறந்த பெயர் அது. 1940-இல் விமான எஞ்சின் பூட்டிய மூன்றாவது மீட்டியாரில், மாற்று ஓட்டுநர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, 24 மணி நேரம் சராசரியாக மணிக்கு 161 மைல் ஓட்டினார். அந்தச் சாதனை 1990 வரை நின்றது. அதைச் செய்தபோது அவர் சால்ட் லேக் நகரத்தின் மேயர்! சபைக்கும் வேகத்துக்கும் பகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும், இந்த மனிதரை இப்படி மறந்துவிட்டார்களே என்று.

சரி, நம் காலத்துக்கு வருவோம். கார் விற்பனையில் சம்பாதித்து, யூட்டா ஜாஸ் கூடைப்பந்து அணியை வாங்கிய லாரி மில்லரும் மார்மன். ஞாயிறன்று ஜாஸ் ஆடினால் சொந்த அணியின் ஆட்டத்துக்கே அவர் போனதில்லை. ஆனால் ஆட்டத்தை நிறுத்தவும் இல்லை. தான் கடைப்பிடிப்பது வேறு, ஊரைத் தடுப்பது வேறு என்ற இந்தப் பிரிவினைதான் யூட்டாவின் சாவி. சால்ட் லேக் நகரத்துக்கு மேற்கே துவில்லாவில் அவர் கட்டிய பந்தயத் தடம் 2006-இல் திறந்தது. 2008 முதல் 2012 வரை உலக சூப்பர்பைக் மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரின் ஒரு சுற்று அங்கே நடந்தது. முதல் இரண்டு வருடம் பந்தய நாள் ஞாயிறு. 2010-லிருந்து நினைவு தின விடுமுறையான திங்கள். எங்கள் தெருவில் ஞாயிறு தலைகாட்டாத குடும்பங்கள் திங்களன்று பிள்ளைகுட்டியோடு வந்து புல்மேட்டில் போர்வை விரித்ததைப் பார்த்தேன்.

அந்தத் திங்களில் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வளைவில் கொடி பிடிக்கும் தொண்டர். ஞாயிறன்று கோட்டு சூட்டோடு அவர்கள் வார்டுக்கு, அதாவது பேட்டைச் சபைக்கு, பிஷப். அங்கே பிஷப் என்றால் சம்பளம் இல்லாத வேலை. ஐஸ் பெட்டி நிறைய ரூட் பியரும் (பெயரில்தான் பியர், மது இல்லாத சோடா) டயட் கோக்கும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தாலிய மெக்கானிக் ஒருவர் எதையோ தேடி அலைந்து வந்தபோது இவர் சரளமாக இத்தாலியனில் பேசி அழைத்துப் போனார். இளவயதில் இரண்டு வருடம் இத்தாலியில் சமயப் பணி செய்தவராம். இப்படி வெளிநாட்டு மொழி பேசுகிறவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. வெளிநாட்டு அணிகள் வந்து இறங்கும் ஒரு பந்தயத்துக்கு, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் தொண்டர்களும் இந்த மொழிகளும் எவ்வளவு பெரிய பலம் என்பது மார்ஷலான உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

பந்தயத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் மது விஷயத்தில் திணறியது உண்மை. அப்போதெல்லாம் பாருக்குள் நுழையவே உறுப்பினர் அட்டை வேண்டும். 2009 ஜூலையில்தான் அந்த விதி போனது. இன்றும் அரசு மதுக்கடை ஞாயிறு மூடியிருக்கும். ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் வந்தாலே வண்டி ஓட்டக் கூடாது. மற்ற மாநிலங்களில் 0.08. இந்த ஒரு விஷயத்தில் விளையாடாதீர்கள், விசாவில் இருப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி.

2013-இல் சூப்பர்பைக் கலிஃபோர்னியாவின் லகூனா செகாவுக்குப் போனது. சபைதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐரோப்பாவிலிருந்து தூரம், சின்ன ஊர், உச்சி வெயிலில் நிழலில்லாத மேடு, கூட்டம் செலவுக்குக் காணவில்லை. 2015-இல் மில்லர் குடும்பம் தடத்தை விட்டது. பிறகு சீனாவின் ஜீலி குழுமத்து நிறுவனம் ஒன்று எடுத்து நடத்தியது. இப்போது அதன் பெயர் யூட்டா மோட்டார்ஸ்போர்ட்ஸ் கேம்பஸ்.

நீங்கள் வந்ததும் பார்க்க வேண்டியது சூப்பர்கிராஸ், அரங்குக்குள் மண்மேடு போட்டு மோட்டார் சைக்கிளில் தாவி ஓட்டும் பந்தயம். யூட்டா பல்கலைக்கழக அரங்கில், சனி இரவில். சனி என்பதால் மார்மன் குடும்பங்கள் தயக்கமில்லாமல் வருவார்கள். அப்புறம் ஆகஸ்டில் பான்வில் ஸ்பீட் வீக், அந்த உப்புப் படுகையில் வேகச் சாதனைக்காக ஓட்டும் வாரம். மழை பெய்து உப்பு ஊறிவிட்டால் ரத்தாகிவிடும். 2014, 2015, 2022-இல் அப்படித்தான் போயிற்று, எனவே புறப்படும் முன் விசாரித்துவிடுங்கள். வெயில் உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் சன்ஸ்கிரீன் பூசாமல் போனால் அன்றிரவு தூக்கம் இல்லை. திரும்பும்போது டயர் வளைவெல்லாம் வெள்ளையாக அப்பியிருக்கும். அன்றைக்கே காரின் அடிப்பகுதியைக் கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும்.

அக்கம்பக்கத்தார் குக்கீயோடு கதவைத் தட்டுவார்கள். உள்ளே கூப்பிடுங்கள், ஆனால் காபி, டீ நீட்டாதீர்கள், அவர்கள் சாப்பிடமாட்டார்கள். எலுமிச்சை ஜூஸோ மோரோ கொடுங்கள். ஞாயிறு சபைக்கு அழைத்தால், விருப்பமில்லை என்று நேராகச் சொல்லலாம், முகம் சுளிக்கமாட்டார்கள். அந்தப் பேச்சிலேயே, நான் சென்னையில் ரேஸ் மார்ஷல் என்பதையும் சொல்லி வையுங்கள். யாராவது ஒருவருக்கு கேரேஜில் பழைய மஸ்டாங் கார் ஒன்று பிரித்துப் போட்டபடி இருக்கும். துவில்லாவில் மார்ஷல் வேலைக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மார்ஷல் சான்றிதழ்களை மறக்காமல் பெட்டியில் வையுங்கள்.