கணவாய் இறங்கினால் கருகல் வாடை

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் திரும்புகையில், வான் ரீனன் கணவாய் இறங்கியதும் காரில் கருகல் வாடை. என்ன கோளாறு? – வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: பெரும்பாலும் பிரேக்தான். நிறுத்தியதும் நான்கு சக்கரங்களருகிலும் கையைக் காட்டிப் பாருங்கள், தொடவே வேண்டாம். முன்சக்கரம் இரண்டும் ஒரேயளவு சுட்டால், இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்ததே காரணம். கியரைக் குறைத்து இறங்குங்கள்.

ஒன்று மட்டும் கொதித்தால் காலிப்பர் (பிரேக் பேடை வட்டின்மேல் அழுத்தும் பாகம்) இறுகியிருக்கிறது. ஆறியபின் ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தைச் சுழற்றுங்கள். சுழலாவிட்டால் காலிப்பரில் பிரேக் எண்ணெயை வெளியே விடும் பிளீடர் திருகைச் சற்றே தளர்த்துங்கள்: உடனே விடுபட்டால் உள்ளே வீங்கிய பிரேக் ஹோஸைச் (எண்ணெய்க் குழாயை) சந்தேகியுங்கள், அப்படியும் பிடித்தால் காலிப்பரின் பிஸ்டனோ, அது நகர உதவும் வழுக்கு பின்னோ (pin) துருப்பிடித்திருக்கும். டர்பன் கடற்காற்றில் இது சகஜம். வழுக்கு பின்னுக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே; சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பேட் 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இருபக்கமும் மாற்றுங்கள். திருகைத் திறந்ததால், பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியை எடுக்கவேண்டும்.