மூணு சின்னக் கார்ல எது? இங்கிலாந்துக்குப் புதுசா வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிடறேன், இதே கேள்வியோட வர்ற மத்தவங்களுக்கும் உதவும். குமரி மாவட்டம் கருங்கல் ஊர்லருந்து நர்ஸ் வேலைக்கு வந்து 5 மாதம் ஆச்சு. கணவரும் 3 வயசு மகளும் போன மாதம் வந்து சேர்ந்தாங்க. ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து 12 மைல், நைட் முடிஞ்சு வர பஸ் கிடையாது. புதுக் கார் எடுக்கணும். டொயோட்டா யாரிஸ், ஹூண்டாய் ஐ20, ஸ்கோடா ஃபேபியா மூணும் பார்த்தாச்சு, மூணும் ஒண்ணு போலவே இருக்கு. கணவர் நம்ம ஊர்ல ஸ்விஃப்ட் மேனுவல் (கையால கியர் மாத்தறது) ஓட்டினவர், உங்களுக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் பழக்கம். அப்பா போன்ல "ஸ்விஃப்டையே எடு மக்ளே, அதுதான் கொள்ளாம்"னு சொல்றார். எதை எடுக்க?

என் பதில்: நீங்களும் ஓட்டப் போறீங்கன்னா யாரிஸ். மாப்பிள்ளை மட்டும்தான் ஓட்டுவார்னா ஃபேபியா மேனுவல். ஐ20 நல்ல விலைக்குப் படிஞ்சா மட்டும் அதைப் பாருங்க. ஏன்னு சொல்றேன்.

மூணும் ஒண்ணு போலத் தெரியறதுல தப்பில்லை. நீளம் 3.94 மீட்டரிலிருந்து 4.11 மீட்டருக்குள்ள அடங்கிடும். ஐ20, ஃபேபியா ரெண்டிலும் பெரும்பாலும் 1 லிட்டர் மூணு சிலிண்டர் பெட்ரோல். யாரிஸ்ல 1.5 லிட்டர் மூணு சிலிண்டரோட ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேர்ந்தது. நம்ம ஊர்ல 4 மீட்டருக்குக் கீழே இருந்தா வரி குறையும்ங்கிறதால கம்பெனிக்காரங்க வண்டியை அந்த அளவுக்குள்ள அடக்குவாங்க. இங்க அப்படி ஒரு கணக்கு இல்லை. சாலை வரியும் வண்டிக்கு வண்டி மாறாது. முதல் வருஷ வரி ஷோரூம் விலையிலேயே சேர்ந்திருக்கும், ரெண்டாம் வருஷத்திலிருந்து மூணுக்கும் ஒரே தொகை, ஏறக்குறைய 200 பவுண்ட். ஹைபிரிட்டுக்குன்னு இருந்த 10 பவுண்ட் சலுகையும் 2025 ஏப்ரலோட போச்சு. அதனால வண்டியை வச்சு முடிவு பண்ண முடியாது. உங்க லைசென்ஸ், இன்சூரன்ஸ், பின் சீட்டு, கடன் இந்த நாலுதான் முடிவு பண்ணும்.

லைசென்ஸ்ல ஆரம்பிப்போம். ஆட்டோமேட்டிக் வண்டியில டெஸ்ட் பாஸ் பண்ணினா இங்க ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். மேனுவல்ல பாஸ் பண்ணினா ரெண்டும் ஓட்டலாம். மாப்பிள்ளைக்குக் கியர் கை பழகியாச்சு, அவர் மேனுவல்ல எழுதட்டும். நீங்க புதுசா கத்துக்கிறவங்க. பன்னிரண்டரை மணி நேர நைட் முடிச்சு, தூக்கக் கண்ணோட, கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு ரவுண்டானா ரவுண்டானாவா வீட்டுக்கு வரணும்ங்கிறதை நினைச்சா ஆட்டோமேட்டிக்தான் உங்களுக்குச் சரி. வண்டி ஒண்ணுதான் வாங்கப் போறீங்க, அப்போ அது ஆட்டோமேட்டிக்கா இருந்தாகணும். இந்த இடத்துலயே ஐ20, ஃபேபியா ரெண்டோட விலை குறைஞ்ச மேனுவல் மாடல்கள் கழிஞ்சுபோகும். அவங்க ஆட்டோமேட்டிக்கை விலை கேட்டுப் பாருங்க, யாரிஸுக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி நீங்க நினைச்சதை விடச் சுருங்கிடும்.

ஆட்டோமேட்டிக்னு ஒரே பேர் சொன்னாலும் உள்ளே வேற வேற. ஐ20, ஃபேபியா ரெண்டிலும் இருக்கிறது டூயல் கிளட்ச், அதாவது உள்ளே ரெண்டு கிளட்ச் வச்சு கியரைத் தானே மாத்திக்கிறது. ஓடும்போது சுகமா இருக்கும். ஆனா மார்த்தாண்டத்துல மேம்பாலம் வர்றதுக்கு முன்னால சந்தை நாள்ல வண்டி ஊர்ந்த மாதிரி, ஏற்றத்துல அடி அடியா நகர்த்தினா கிளட்ச் சூடாகும். ஏற்றத்துல பிரேக்கை மிதிச்சுத்தான் நிக்கணும், ஆக்சிலரேட்டரால பிடிச்சு நிறுத்தக் கூடாது. யாரிஸ்ல அந்தக் கிளட்ச்சே கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங்குக்கு பெல்ட் இல்லாம செயின். தேய்ஞ்சு மாத்த வேண்டிய சாமான் குறைவு. வேற எந்தச் சின்னக் காரைப் பார்த்தாலும் "டைமிங் பெல்ட்டா செயினா? பெல்ட்னா அது ஆயில்ல நனையற வகையா?"ன்னு கேளுங்க. நனையற பெல்ட் அரிச்சு உதிர்ந்தா, அந்தத் துகள் ஆயில் போற வழியை அடைச்சு எஞ்சினையே கெடுத்துடும்.

அடுத்தது இன்சூரன்ஸ். புதுசா வர்றவங்க பெரும்பாலும் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு அப்புறம் இன்சூரன்ஸ் தேடறாங்க. இந்திய லைசென்ஸ்காரருக்குச் சில கம்பெனிகள் பாலிசியே தராது, தர்றவங்களும் கூட்டித்தான் கேப்பாங்க. ஊர்ல சேர்த்து வச்ச நோ கிளெய்ம் போனஸைப் பெரும்பாலானவங்க கணக்குல எடுக்க மாட்டாங்க. அதனால ஷோரூம்ல நிக்கிற டெமோ வண்டிகளோட நம்பரைக் குறிச்சுக்கிட்டு வந்து, மூணுக்கும் ஒரே நாள்ல விலை ஒப்பிடற தளங்கள்ல போட்டுப் பாருங்க. ஒரே மாடல்லயே பெரிய எஞ்சின், உயர்ந்த வகைன்னா தொகை ஏறும். பாலிசி தொடங்கற நாளுக்கு 3, 4 வாரம் முன்னாலயே பார்த்தா, முந்தின நாள் பார்க்கிறதை விடக் குறைவா வரும்.

விவரம் கொடுக்கறப்போ மூணு இடத்துல தவறு நடக்கும். முதல்ல, யார் அதிகம் ஓட்டுவாங்களோ அவங்க பேர்தான் முதன்மை ஓட்டுநரா இருக்கணும். நீங்க தினமும் ஓட்டறதை, காசு குறையுதுன்னு மாப்பிள்ளை பேர்ல போட்டா அது மோசடி, விபத்துன்னா பணம் வராது. இன்னொண்ணு, வேலைக்குப் போய் வர்றதுன்னு குறிக்கணும், வெறும் சொந்த உபயோகம்னு போடக் கூடாது. ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனா இது போதும். பிற்பாடு வீடு வீடா நோயாளி பார்க்கிற வேலைக்கு மாறினா, வேலை நேரத்துல ஓட்டறதுக்கான பிசினஸ் பிரிவைச் சேர்த்தாகணும். கடைசியா, வருஷ மைல் கணக்கைக் குறைச்சுச் சொல்லாதீங்க.

ஊர்ல கார் பேச்சு மைலேஜ்லதான் ஆரம்பிக்கும். இங்க அது ஒரு கேலனுக்கு எத்தனை மைல்ங்கிற கணக்கு. அதை 2.825 ஆல வகுத்தா நமக்குப் பழகின கிலோமீட்டர் வரும். 60னா லிட்டருக்கு 21 கிலோமீட்டர், 45னா 16. உங்க ஓட்டம் வருஷத்துக்கு 7,000 மைல்னு வச்சுக்குவோம். 45 தர்ற வண்டி 707 லிட்டர் குடிக்கும், 60 தர்றது 530. லிட்டர் 1.40 பவுண்ட்னு போட்டா மிச்சம் வருஷத்துக்கு 248 பவுண்ட். ஹைபிரிட்டுக்கு 2,000 பவுண்ட் கூடக் கொடுத்தீங்கன்னா அது திரும்பி வர 8 வருஷம் ஆகும். அதனால பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம்னு யாரிஸ் எடுக்காதீங்க. உங்க லைசென்ஸுக்கும் உடம்புக்கும் அது பொருந்துதுன்னு எடுங்க.

யாரிஸோட குறையையும் சொல்லணும். பின்னால இடம் இறுக்கம். டிக்கி 286 லிட்டர், ஐ20க்கு 352, ஃபேபியாவுக்கு 380. எண்ணை நம்பி முடிவு பண்ணாதீங்க, மகளோட கார் சீட்டையும் தள்ளுவண்டியையும் ஷோரூமுக்கே கொண்டு போங்க. மாப்பிள்ளை ஓட்டறதுக்குத் தோதா முன் சீட்டை வைக்கட்டும். அவருக்குப் பின்னால நீங்க உக்காருங்க, முட்டி இடிக்குதா பாருங்க. அடுத்த பக்கத்துல, குழந்தை சீட்டை மாட்டற ஐசோஃபிக்ஸ் கொக்கியைக் கையால தேடி, மகளோட சீட்டை நீங்களே ஒருதரம் மாட்டி எடுங்க. விற்பனைக்காரர் மாட்டிக் காட்டினா உங்களுக்கு எதுவும் தெரியாது. குனிஞ்சு மகளை உள்ளே ஏத்தும்போது கதவு மேல்சட்டத்துல தலை இடிக்குதான்னு பாருங்க. 12 வயசு அல்லது 135 சென்டிமீட்டர், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் குழந்தை சீட்டு சட்டப்படி வேணும், அதனால இந்தக் காரோட ஆயுசு முழுக்க நீங்க குனியத்தான் போறீங்க. அப்பா அம்மா 6 மாத விசிட்டர் விசாவுல வந்தா பின்னால மூணு பேர் உக்காரணும், அப்போ ஃபேபியாதான் தாராளம். ரெண்டு பெரிய பெட்டியோட ஏர்போர்ட் போறது அடிக்கடி இருக்கும்னாலும் அதேதான்.

அப்பா சொல்ற ஸ்விஃப்ட் கெட்ட வண்டி இல்லை. ஊர்ல எந்த முக்குலயும் மாருதி மெக்கானிக் இருக்கார், பார்ட்ஸ் மலிவு, திரும்ப வித்தா விலை நிக்கும், அதான் அப்பா சொல்றார், நியாயம்தான். அந்தக் காரணங்கள் இங்க செல்லாது. டிக்கி 265 லிட்டர்தான். யூரோ என்கேப் மோதல் சோதனையில 2024ல ஸ்விஃப்டுக்கு 3 நட்சத்திரம். யாரிஸ் 2020லயும் ஃபேபியா 2021லயும் 5 வாங்கினது, ஐ20 2021ல 4. சோதனை விதி சில வருஷத்துக்கு ஒருதரம் கடுமையாகுதுங்கிறதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். அப்படியும் குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் ஸ்விஃப்டைச் சொல்ல மாட்டேன்.

ஊர்ல பலேனோவும் கிளான்சாவும் ஒரே வண்டி, முகப்பும் பேரும்தான் வேறன்னு உங்களுக்குத் தெரியும். இங்கயும் அப்படி உண்டு. மாஸ்டா2 ஹைபிரிட்ங்கிறது யாரிஸ்தான். ஃபேபியா, ஃபோக்ஸ்வாகன் போலோ, சீட் இபிசா மூணுக்கும் அடித்தளமும் 1 லிட்டர் எஞ்சினும் ஒண்ணு. அதனால யாரிஸ் விலை கேட்ட கையோட மாஸ்டா கடையிலயும் கேளுங்க, ஃபேபியா கேட்டா இபிசாவும் கேளுங்க. தள்ளுபடி எங்க அதிகமோ அங்க எடுக்கலாம். வாரண்டியை மட்டும் தனியா ஒப்பிடுங்க. டொயோட்டாவுக்கு முதல் 3 வருஷம், அதுக்கப்புறம் அவங்க கிட்டயே சர்வீஸ் விட்டா ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு வருஷமா 10 வருஷம் அல்லது 1,00,000 மைல் வரை நீளும். ஹூண்டாய்க்கு 5 வருஷம், மைல் கணக்கு இல்லை. ஸ்கோடாவுக்கு 3 வருஷம்.

வாங்கற நேரம்: மார்ச் 1, செப்டம்பர் 1 ரெண்டு நாளும் புது நம்பர் பிளேட் வரிசை தொடங்கும். அதுக்கு முந்தின வாரங்கள்ல பழைய வரிசை வண்டியைத் தள்ளிவிடப் பார்ப்பாங்க. கடைக்காரர் தன் பேர்லயே பதிவு பண்ணி வச்ச வண்டி இன்னும் மலிவா வரும். அதுல வாரண்டி பதிவான தேதியிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும், அந்தத் தேதியைக் கேட்டுக்குங்க.

கடன்லதான் அதிகம் பேர் ஏமாறறாங்க, மாதத் தவணையை மட்டும் பார்க்கிறதால. 22,000 பவுண்ட் வண்டி, 2,000 முன்பணம், 20,000 கடன், 9.9 சதவீதம், 48 மாதம்னு எடுத்துக்குங்க. எச்.பி. (ஹயர் பர்ச்சேஸ், முழுக் கடனையும் சமத் தவணையா அடைக்கிறது) முறையில மாதம் 502 பவுண்ட், மொத்த வட்டி ஏறக்குறைய 4,100. பி.சி.பி. (பர்சனல் கான்ட்ராக்ட் பர்ச்சேஸ், கடன்ல ஒரு பகுதியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறது) முறையில கடைசியில 10,000 மொத்தமா கட்டணும்னு வச்சா மாதம் 330தான், ஆனா வட்டி 5,800 ஆயிடும். அந்த 10,000க்கு நாலு வருஷமும் வட்டி ஓடிக்கிட்டே இருக்கிறதுதான் காரணம். கடைசியில வண்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம், ஆனா ஒப்பந்த மைலைத் தாண்டியிருந்தா மைலுக்கு இத்தனை பென்ஸ்னு தனியா வாங்குவாங்க, கீறலுக்கும் காசு. வண்டியை வச்சுக்கிறதா இருந்தா எச்.பி. எடுங்க. கடன் தர்றவங்க இங்க 3 வருஷ முகவரி கேப்பாங்க, விசா எவ்வளவு நாள் பாக்கின்னும் பார்ப்பாங்க. காமன்வெல்த் நாட்டவங்கிறதால இந்தியர் நாம இங்க வாக்காளர் பட்டியல்ல சேரலாம். உடனே பதிவு பண்ணுங்க, கடன் மதிப்பெண்ணுக்கு அது கை கொடுக்கும். முன்பணத்துல கொஞ்சமாவது கிரெடிட் கார்டுல கட்டினா, கடை ஏதாவது சொதப்பினாலும் கார்டு கம்பெனியும் பொறுப்பு ஏத்தாகணும். பெயிண்ட் பூச்சு, டயர் காப்பீடுன்னு கடைசி மேசையில நீட்டறதுக்கு வேண்டாம்னு சொன்னா போதும்.

யாரிஸ் எடுத்தா ரெண்டு விஷயம். பெரிய பேட்டரி பின் சீட்டுக்கு அடியில இருக்கு, அது மூச்சு விடற ஜன்னல் அங்கேயே சீட்டுப் பக்கத்துல இருக்கும். மகளோட போர்வையோ பையோ அதை மூடக் கூடாது. பிஸ்கட் தூள் உள்ளே போய் வடிகட்டி அடைஞ்சா பேட்டரி சூடாகும், சர்வீஸ்ல அதைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. இன்னொண்ணு, வண்டியை எழுப்பறது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். நாலு வாரம் ஊருக்குப் போய் வந்தா அது இறங்கியிருக்கலாம். சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒண்ணு வீட்டுக்குள்ள வச்சுட்டுப் போங்க. டிக்கியில வச்சா, பேட்டரி செத்தபிறகு அது திறக்காது.

குளச்சல், முட்டம் பக்கம் இரும்புக் கம்பி உப்புக்காத்துல எப்படி உதிரும்னு பார்த்திருப்பீங்க. இங்க பனிக்காலத்துல ரோட்டுலயே உப்பைத் தூவுவாங்க. அந்த மாதங்கள்ல அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுங்க. கண்ணாடி கழுவற தொட்டியில வெறும் தண்ணி ஊத்தாதீங்க, உறைஞ்சிடும். ஸ்டெப்னி இருக்கான்னும் கேளுங்க, ஆனா அந்தச் சொல் இங்க யாருக்கும் புரியாது. வேல்ஸ்ல லனெல்லி ஊர்லருந்து வந்த கம்பெனிப் பேர் அது, நம்ம ஊர்ல இன்னும் உயிரோட இருக்கு. "ஸ்பேர் வீல்"னு கேளுங்க. பல புது வண்டியில அதுக்குப் பதிலா ஒரு புட்டி பசையும் ஒரு குட்டிப் பம்பும்தான் இருக்கும். ஆணி ஏறினா அது தாங்கும், டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா தாங்காது.

காருக்கு முன்னால இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு. ரெண்டு பேரும் ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு (நம்ம ஊர் எல்.எல்.ஆர். மாதிரி, கத்துக்கிறவங்களுக்கானது) ஆன்லைன்ல விண்ணப்பிங்க, ஆளுக்கு 34 பவுண்ட். தியரி 23, பிராக்டிகல் வார நாள்ல 62. பிராக்டிகல் தேதி கிடைக்க மாதக்கணக்குல ஆகும். மாப்பிள்ளை இந்திய லைசென்ஸ்ல 12 மாதம்தான் ஓட்டலாம். அது இங்க குடியேறின நாள்ல இருந்து எண்ணுறது, கார் வாங்கின நாள்ல இருந்து இல்லை. நீங்க எல் போர்டு மாட்டி ஓட்டும்போது பக்கத்துல உக்கார்றவருக்கு 21 வயசு ஆகியிருக்கணும், 3 வருஷம் முழு லைசென்ஸ் இருந்திருக்கணும். அந்த 3 வருஷத்துக்கு இந்திய லைசென்ஸ் கணக்குல வராது. அதனால மாப்பிள்ளை பக்கத்துல உக்கார்ந்து கத்துக் கொடுக்க முடியாது. டிரைவிங் ஸ்கூல் ஆளையோ, வார்டுல இங்கத்த லைசென்ஸ் 3 வருஷமா வச்சிருக்கிற தோழியையோ இப்பவே பேசி வச்சுக்குங்க.