கொழும்பில் இரண்டு நாள்: அறைக்குள் அடைந்து கிடக்காமல் வெளியில் என்ன செய்யலாம்?

சென்னையிலிருந்து குடும்பத்துடன் வருவதாகவும், கடைத்தெரு வேண்டாம், வெட்டவெளி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பின் பகல் உங்கள் ஊரை விடச் சற்று இதமானது என்றாலும் புழுக்கம் குறையாது. ஆகவே காலையையும் மாலையையும் மட்டும் நம்புங்கள்.

என் முதல் தெரிவு சதுப்பு நிலம். ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. இங்கேயே பிறந்த பலருக்கும் அது தெரியாது. கொழும்பை ஒட்டிய கோட்டேயில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு விடிந்ததும் போய்விடுங்கள். மரப்பலகைப் பாதையில் சத்தமில்லாமல் நடந்தால் நீர்க்காகம், நாரை, தாழைக்கோழி எல்லாம் கண்ணில் படும். மீன்பிடிப் பூனையும் இந்த ஈரநிலங்களில் வாழ்கிறது. ஆனால் அது இரவில் உலவும் பிராணி, அதைப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நுளம்புக்கு (உங்கள் ஊர்க் கொசுதான்) தைலம் பூசிக்கொள்ள மறக்க வேண்டாம்.

மாலையில் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் கல்கிசைக் கடற்கரைக்கு ரயில் ஏறுங்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் கடல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அலை மூர்க்கமாக இருக்கும்; அந்த மாதங்களில் கால் நனைப்பதோடு சரி, குளிக்க இறங்காதீர்கள்.

மறுநாள் மாலை கடலோரத் திறந்தவெளியான காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த திடல் அது. பட்டம் விடுங்கள், இறால் வடை சாப்பிடுங்கள். சூடாகப் பொரித்துத் தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். ஆறிய வடையால் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன்.

உண்மையான குளிர்தான் வேண்டுமென்றால் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூரான நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும். இரண்டு நாளில் அது அலைச்சல்.