தேதிக்காக ஆள் சேர்க்காதீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கானாடுகாத்தானில் எங்கள் பூட்டனார் கட்டிய வீட்டைப் பழுது பார்க்கப் போகிறோம். எத்தனை ஆள் தேவைப்படும்?

வீட்டின் அளவை எழுதவில்லை. என்னென்ன பழுது என்று எழுதவில்லை. கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதும் இல்லை. இதற்கு நான் ஓர் எண்ணைச் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். முதலில் வேலைப் பட்டியல் எழுதுங்கள்: ஓடு மாற்றுவது, உத்தரம் பார்ப்பது, வயரிங், குழாய், பூச்சு, தரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எது முடிந்தால் இதைத் தொடங்கலாம் என்று குறியுங்கள். ஆள் கணக்கு அதற்குப் பிறகுதான்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு எப்போது சொல்லி வைக்க வேண்டும்? தரை வேலை கடைசியில்தானே?

பதிப்பது கடைசியில். சொல்லி வைப்பது வேலை தொடங்கும் வாரத்திலேயே. கண்ணாடிப் பலகையில் கையால் ஒவ்வொன்றாக ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காய வைத்து வருகிற கல் அது. மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே தடவையில் வாங்குங்கள். கையால் கலக்கும் சாயம் என்பதால் அடுத்த தடவை வரும் கல்லின் நிறம் சற்று மாறியிருக்கும்.

மேஸ்திரி ஆறு மாதம் ஆகும் என்கிறார். தை மாதம் மகனுக்கு இந்த வீட்டில்தான் திருமணம், பத்திரிகை அடித்துவிட்டோம். ஆட்களை இரட்டிப்பாக்கினால் மூன்று மாதத்தில் முடியுமா? (தேவகோட்டை)

முடியாது. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பி வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேலை செய்கிறவரைக் கேட்காமல் தேதியை முடிவு செய்துவிட்டு, பிறகு பணத்தைக் கொட்டி நாட்களை வாங்கப் பார்க்கிறீர்கள். சில நாட்கள் விற்பனைக்கு இல்லை.

உங்கள் வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். நீற்றிய சுண்ணாம்பு வாரக்கணக்கில் ஊற வேண்டும். ஒரு பூச்சு இறுகும் முன் அடுத்ததை ஏற்றினால் விரிசல் விடும். இந்தக் காத்திருப்பில் நான்கு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் கடைசிப் பூச்சு அன்றைக்குக் கதையே வேறு. ஈரம் வற்றுவதற்குள் சுவர் முழுவதையும் கல்லால் தேய்த்து மெருகேற்றிவிட வேண்டும். பாதியில் விட்டால் விட்ட இடம் கோடாகத் தெரியும். அன்று இரண்டு கை குறைந்தால் சுவரே பாழ். ஆக ஒரே அறைக்கு ஒரு நாள் ஆறு பேர் வேண்டும், அடுத்த பல நாட்களுக்கு ஒருவரும் வேண்டாம். மாதம் முழுவதும் பன்னிரண்டு பேரை நிறுத்தினால் கூலி போகும், வேலை நகராது.

ஆட்கள் கூடினால் மெருகு தெரிந்த கொத்தனார் தம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். உங்கள் ஊரில் அந்தக் கை படிந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். போதாக்குறைக்கு உங்கள் மூன்று மாதத்தில் இரண்டு மாதம் ஐப்பசி, கார்த்திகை மழையில் விழுகிறது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு: வேலையைக் குறையுங்கள். திருமணத்துக்கு முகப்பும் வளவும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) சமையல் கட்டும் போதும். அவற்றுக்கு மட்டும் வேலைப் பட்டியல் எழுதி மேஸ்திரியுடன் உட்காருங்கள். மாடியும் மற்ற கட்டுகளும் தைக்குப் பிறகு நடக்கட்டும். சுவரைக் கொத்தும் வயரிங் வேலை பூச்சுக்கு முன்பே முடிய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு மென்பொருள் குழுவை நடத்துகிறேன். நான்கு பேர், வேலை பின்தங்கிவிட்டது. இன்னும் நான்கு பேர் எடுக்கலாமா?

மேலே தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். 1960களில் ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற கணினி இயக்க மென்பொருள் பணியை நடத்திய பிரடெரிக் புரூக்ஸ், பின்தங்கிய மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் பின்தங்கும் என்று அனுபவத்தில் கண்டு சொன்னார். இருவர் இருவராகப் பேச வேண்டும் என்று கணக்கிட்டால், நான்கு பேருக்குள் பேச்சுவழிகள் ஆறு. எட்டுப் பேருக்குள் 28. ஆள் எடுப்பதானால் அடுத்த வேலையின் தொடக்கத்தில் எடுங்கள்.

எங்கள் ஆசாரி பக்கத்து ஊர்க் கோயில் வேலைக்கும் போகிறார். நிலைக்கதவு பாதியில் நிற்கிறது.

ஆள் கிடைக்காத தொழிலில் அவருடைய நாட்களை முதலில் கேட்டு, மற்றவர்களின் நாட்களை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். இப்போது கோயில் வேலைக்காரர்களுடன் நேரில் பேசி, வாரத்தில் மூன்று நாள் என்று உறுதி வாங்குங்கள். அவர் வருவதற்கு முந்தின நாளே மரம், கீல், திருகாணி எல்லாம் வாசலில் இருக்கட்டும். வந்த ஆசாரியைக் கடைக்கு அனுப்புவது பெரும் பாவம்.

பங்காளிகள் ஏழு பேர். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆளுக்கு ஒன்றாக மேஸ்திரியிடம் போனில் சொல்கிறார்கள்.

மேஸ்திரியிடம் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். அவர் யார், எவ்வளவு தொகை வரை தாமாக முடிவெடுக்கலாம் என்று எழுதி ஏழு பேரும் கையெழுத்திடுங்கள். மாற்றம் வேண்டுபவர் அவரிடம் சொல்லட்டும். செலவும் நாளும் எவ்வளவு கூடும் என்று தெரிந்த பிறகே மேஸ்திரிக்குப் போகட்டும். வேலைப் பட்டியலின் நகல் ஏழு பேரிடமும் இருக்க வேண்டும்.

நாள் கூலியா, சதுர அடிக் கணக்கா?

புதுச் சுவருக்குச் சதுர அடி. பழைய சுவருக்கு நாள் கூலி. உடைத்துப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி அழைத்து வரும் ஆட்களின் நல வாரிய அட்டையை நான் ஏன் பார்க்க வேண்டும்?

சாரத்திலிருந்து விழுந்தால் அடிபடுகிறவர் உங்கள் வீட்டு வேலைக்கு வந்தவர். 18 முதல் 60 வயது வரை உள்ள கட்டுமானத் தொழிலாளர்கள் அரசின் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்துக்கு உதவித்தொகை உண்டு. பதியாதவர் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே பதியச் சொல்லுங்கள், அதற்கு ஒரு நாள் கூலியையும் கொடுத்து அனுப்புங்கள்.