உடம்பெல்லாம் வலி, பரிசோதனையில் ஒன்றுமில்லை: ஃபைப்ரோமயால்ஜியாவா?

சுங்கை சிப்புட்டில் பால்மரம் சீவும் உங்கள் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வலி, இரத்தப் பரிசோதனையிலோ குறையில்லை; இது வேலை வலியா, ஃபைப்ரோமயால்ஜியா என்ற நாள்பட்ட வலிநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை வலி பெரும்பாலும் தோள், இடுப்பு என்று உழைத்த இடத்தில் இருக்கும், ஓய்வெடுத்தால் தணியும். ஃபைப்ரோமயால்ஜியா அப்படியல்ல. இரு பக்கமும், இடுப்புக்கு மேலும் கீழும், 3 மாதங்களுக்கு மேலாக வலிக்கும். நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான்: இரவெல்லாம் தூங்கியும் தூங்காதவர்போல் எழுகிறாரா? அடுப்பில் உலை வைத்ததை மறக்கிறாரா? பேரப்பிள்ளை கையை இறுக்கிப் பிடித்தாலே வலிக்கிறதா? பரிசோதனை சரியாக இருப்பதால் வலி பொய்யாகிவிடாது. நரம்பு மண்டலம் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. (சோம்பல் என்பவர்களை விட்டுத்தள்ளுங்கள்.) மூட்டு வீங்கினால் வேறு நோயாக இருக்கலாம். தைராய்டு குறைவும் இதேபோல் தோன்றும். அதைப் பார்த்தார்களா என்று அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள்.