பத்து விரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1930களில் மதுரைப் பக்கம் நடக்கும் குற்றக்கதை ஒன்றைப் படமாக்கப் போகிறோம். ரேகைச் சட்டத்தில், அதாவது சில சமூகங்களையே குற்றவாளிக் கூட்டமாக அறிவித்துக் கைரேகை பதிய வைத்த குற்றப்பரம்பரைச் சட்டத்தில், பதியப்பட்ட ஒருவன் செய்யாத கொலைக்கு மாட்டுகிறான். குற்றப்பரம்பரை அறிவிப்பே செல்லாது என்று வாதாடி வக்கீல் மீட்கிறார். அந்தச் சமூகத்து நடிகர்கள் நான்கு பேரைப் போட்டிருக்கிறோம், பிரதிநிதித்துவத்துக்கு அது போதும் என்கிறார் இயக்குநர். போதுமா? திரைக்கதையை இணைத்திருக்கிறேன்.

ஓர் உதவி இயக்குநர்

அன்புள்ள தம்பிக்கு,

நால்வரில் மூவர் திரைக்கதையில் ‘கைதி 1’, ‘கைதி 2’, ‘கைதி 3’. ஒரு வரி வசனம்கூட இல்லை. தலையை எண்ணிவிட்டால் ஆயிற்றா? முதலில் ஆளுக்கொரு பெயர் வையுங்கள்.

வக்கீல் காட்சி அடிப்படையிலேயே தப்பு. 1911 சட்டமானாலும் 1924 சட்டமானாலும், அரசு ஒரு கூட்டத்தைக் குற்றப்பரம்பரை என்று அறிவித்துவிட்டால் அது செல்லுமா என்று எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. சட்டத்திலேயே வாசலை அடைத்திருந்தார்கள். கொலை வழக்கை வக்கீல் உடைக்கலாம், அறிவிப்பை உடைக்க முடியாது. கதாநாயகியைப் பற்றியும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பதியப்பட்ட புருஷன் ராத்திரி ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்கப் போய்விட்டால் வீட்டுக்கும் கொல்லைக்கும் காவல் யார்? அவளைச் சோற்றுச் சட்டியோடு ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே 31ஆம் காட்சிக்காக. பீரியட் படங்களில் ரேகை எடுக்கும் காட்சி வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊதா மைப் பெட்டி, இடது கைப் பெருவிரல், ஓர் அழுத்து, கண்ணீர் க்ளோஸப். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள்.

பத்திரத்துக்கு வைக்கும் கைநாட்டு இல்லை அது. போலீஸ் ரேகைத் தாளில் பத்து விரலும் வேண்டும். கண்ணாடி அல்லது உலோகத் தகட்டில் அச்சு மையைத் துளி வைத்து, உருளையால் மெல்லிசாக இழுக்க வேண்டும். மை தடித்தால் வரிகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு வெறும் கரும்புள்ளிதான் விழும். வலது பெருவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஒரே உருட்டு. பெருவிரலை உடம்பை நோக்கி, மற்றவற்றை வெளிப்பக்கமாக. திருப்பி உருட்டினால் இரட்டை வரி விழுந்து தாள் வீண். கடைசியில் ஒவ்வொரு கையிலும் நான்கு விரலையும் சேர்த்து உருட்டாமல் ஒரு பதிவு, தனிப் பெருவிரல்கள் இரண்டு. உருட்டும்போது விரல் வரிசை மாறியிருந்தால் அங்கே அகப்பட்டுவிடும். மண்வெட்டியும் கல்லும் பிடித்த கையில் வரி தேய்ந்திருக்கும், வியர்வை வேறு. துடைத்துத் துடைத்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு ஏன் சொல்கிறேன்? இதில் பதியப்படுகிறவன் எதையும் செய்வதில்லை. அவனாக அழுத்தினால் ரேகை கலைந்துவிடும். ‘கையைத் தளர விடு’ என்பார் ஏட்டு. மணிக்கட்டைப் பிடித்து, விரல் விரலாக உருட்டுவது ஏட்டின் கை. அந்த ஏட்டும் தமிழன்தான். பட்டியலை வைத்திருக்கும் கிராம முன்சீப்பும் தமிழன்தான். உங்கள் கதையிலோ கொடுமை மொத்தத்தையும் ஒற்றை வெள்ளைக்கார சூப்பரிண்டெண்ட் தலையில் கட்டிவிட்டு ஊரைத் தப்பவிட்டிருக்கிறீர்கள். ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு வங்காளப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றி பெயர், ஆனால் பத்து விரலை 1,024 பிரிவாக அடுக்கும் அந்த முறைக்கு உழைத்தவர்கள் அவருக்குக் கீழே இருந்த இந்தியர்கள் அஜீஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். அதுவும் பிரதிநிதித்துவம்தானே தம்பி?

கோபித்துக்கொள்ளாதீர்கள். திரைக்கதையை அனுப்பிக் கேட்கிறவர்கள் குறைவு, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ‘கைதி 2’ ஆக வருபவரையே அந்த மேஜை முன் நிறுத்துங்கள், வெட்டில்லாமல் பத்து விரலும் ஓடட்டும். அச்சு மை தண்ணீரில் போகாது, மண்ணெண்ணெய் வேண்டும். அதனால் 32ஆம் காட்சியில் அவர் சுத்தமான கையோடு வரக்கூடாது என்று ஒப்பனைக்காரரிடம் சொல்லி வையுங்கள். நேரம் போதாது என்று இயக்குநர் சொன்னால், வக்கீலின் ஆறு பக்க வசனத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.